வேலையில் வரும் சலிப்பு: கணவனும் மனைவியும் சேர்ந்து படிக்க வேண்டிய பாடம்



இந்தப் பாடத்தை உங்களில் ஒருவர் உரக்கப் படியுங்கள்; மற்றவர் கேளுங்கள். கேட்பவர் கைவேலையை நிறுத்த வேண்டியதில்லை. சுளகு மடியிலேயே இருக்கட்டும். காது இந்தப் பக்கம் இருந்தால் போதும். ஏன் இப்படிச் சொல்கிறோம் என்பது பாடத்தின் நடுவில் தெரியும்.

காய்ச்சல் வந்தால் வீட்டில் சொல்கிறோம். வயிற்றுவலி வந்தால் சொல்கிறோம். ஆனால் வேலையில் சலிப்பு வந்தால் மட்டும் யாரிடமும் சொல்வதில்லை. "வேலைன்னா அப்படித்தான் இருக்கும். சோறு வேணும்னா செஞ்சுதான் ஆகணும்" என்று நம்மை நாமே அடக்கிக்கொள்கிறோம். சொல்லாமல் விட்ட சலிப்பு வேலை இடத்தோடு நின்றுவிடுமா? நிற்காது. சாயங்காலம் நம் பின்னாலேயே நடந்து வீட்டுக்குள் வந்துவிடும்.

ஒரு வீட்டைப் பார்ப்போம்

சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்வோம். கணவர் ராஜபாளையம் பக்கத்து நூல் மில்லில் சைடர். ரிங் பிரேமுக்கு இடையே நடந்துகொண்டே இருக்க வேண்டும், எங்கே இழை அறுந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும், ஒட்ட வேண்டும், மறுபடி நடக்க வேண்டும். ஒரு வாரம் பகல் ஷிப்டு, ஒரு வாரம் அரை நைட், ஒரு வாரம் முழு நைட். மனைவி வீட்டில் பீடி சுற்றுகிறார். இலையை நனைத்து, அளவுத் தகடு வைத்துக் கத்தரித்து, தூள் வைத்து உருட்டி, நூல் கட்டி, முனையை மடக்கி, ஒன்று முடிந்தால் அடுத்தது.

ஒரு நாள் குழம்பில் உப்பு குறைந்துவிட்டது. கணவர் தட்டைத் தள்ளினார்.

"நாள் முழுக்க மெஷினுக்குப் பின்னால நடந்துட்டு வாறேன். வீட்டுக்கு வந்தா ஒரு வாய் நிம்மதியாச் சாப்பிட முடியல."

"நான் மட்டும் ஊஞ்சல்லயா ஆடிக்கிட்டிருந்தேன்? ஆயிரம் பீடி சுத்தியிருக்கேன். அதுல அம்பதைக் கடையில கழிச்சுட்டாங்க. அதை யார்கிட்ட போய்ச் சொல்ல?"

சண்டை உப்புக்காக இல்லை என்று நமக்குத் தெரிகிறது. அவர்களுக்கு அன்றைக்குத் தெரியவில்லை. மறுநாள் மில் பஸ் இறங்கியதும் கணவர் நேரே வீட்டுக்கு வராமல் கூட்டாளியோடு 'கட்டிங்' போடப் போனார். மனைவி மூத்த மகளைப் பார்த்து, "பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள் லீவு போட்டா என்ன? கூட உக்காந்து நூல் கட்டு" என்றார். இரண்டு பேரும் கெட்டவர்கள் அல்ல. இரண்டு பேருக்கும் வேலை சலித்துவிட்டது. அதற்கு என்ன பெயர் என்று அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

களைப்பு வேறு, சலிப்பு வேறு

வயலில் அண்டை வெட்டினால் களைப்பு வரும். குளித்து, சாப்பிட்டு, நன்றாகத் தூங்கினால் காலையில் போய்விடும். களைப்பு உடம்பைச் சேர்ந்தது.

சலிப்பு அப்படி அல்ல. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் சுளகைப் பார்த்தவுடனே, "இந்தச் சவத்து வேலையை இன்னைக்கும் செய்யணுமா" என்று தோன்றும். கடிகாரத்தைப் பார்த்தால் முள் நகராதது போல் இருக்கும். கை தானாக ஓடும். மனசுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. பிடி இல்லாத மனசு கவலையைப் பிடித்துக்கொள்ளும். பழைய சண்டையைப் பிடித்துக்கொள்ளும். நாத்தனார் போன பொங்கலுக்குச் சொன்ன ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொள்ளும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளுக்கு 1,000 பீடி, வருஷத்துக்கு 300 நாள் என்றால் 3 லட்சம் பீடி. எட்டு மணி நேரத்தில் 1,000 என்றால் ஏறக்குறைய அரை நிமிஷத்துக்கு ஒன்று. அதே விரல், அதே மடக்கு, மூன்று லட்சம் தடவை. இதில் சலிப்பு வருவது சோம்பேறித்தனம் அல்ல. வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

பார்த்துக்கொண்டே இருக்கும் வேலையும் இப்படித்தான். 1948-ல் இங்கிலாந்தில் மாக்வொர்த் என்ற ஆராய்ச்சியாளர் ஒரு சோதனை பற்றி எழுதினார். உலகப் போர்க் காலத்தில் ராடார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நேரம் போகப் போக எதிரியின் அடையாளத்தைத் தவற விட்டார்கள். ஏன் என்று அறிய விரும்பினார். கடிகார முள் போன்ற ஒன்று அடி அடியாக நகரும். எப்போதாவது ஒரு தடவை இரட்டை அடி வைக்கும். அதைக் கண்டவுடன் சொல்ல வேண்டும். வேலை இவ்வளவுதான். ஆனால் முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே பார்க்கிறவர்களின் கவனம் குறையத் தொடங்கியது. நல்ல உடல்நலமுள்ள, பயிற்சி பெற்ற ஆட்களுக்கே இந்த நிலை. அப்படியானால் நூற்றுக்கணக்கான ஸ்பிண்டிலுக்கு நடுவே இரவு மூன்று மணிக்கு அறுந்த இழை தேடும் சைடரின் கண் சலிப்பதில் என்ன குற்றம்?

குற்றம் இல்லை. ஆனால் ஆபத்து இருக்கிறது. சலித்த கை மெஷினில் தவறான இடத்துக்குப் போகும். சலித்த விரல் பீடியைத் தளர்வாகச் சுற்றும்; கடையில் கழித்துவிடுவார்கள்; கூலி குறையும். ஆகவே சலிப்பைக் கவனிப்பது வசதியானவர்களின் வேலை அல்ல. கூலி வாங்குபவர்களுக்குத்தான் அது முதலில் தேவை.

என்ன செய்யலாம்? ஏழு பழக்கங்கள்

1. பெயர் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்தவுடன், "இன்னைக்கு வேலை ரொம்பச் சலிப்பா இருந்துச்சு" என்று ஒரே ஒரு வரி சொல்லுங்கள். கேட்கிறவர் பதிலுக்குத் தன் கஷ்டத்தை உடனே எடுத்து விடக் கூடாது. "அப்படியா, என்னாச்சு?" என்று மட்டும் கேட்டால் போதும். இந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டால் பல வீடுகளில் உப்புச் சண்டை நடக்காது.

2. வேலையைக் கூறு போடுங்கள்.

ஆயிரம் என்பது பெரிய மலை. கட்டுக்கு 25 என்றால் அது 40 கட்டு. பத்துப் பத்துக் கட்டாக நான்கு கூறு போடுங்கள். முதல் கூறு முடிந்தால் எழுந்து தண்ணீர் குடிப்பது. இரண்டாவது முடிந்தால் சாப்பாடு. மூன்றாவது முடிந்தால் பக்கத்து வீட்டு அக்காவோடு ஐந்து நிமிஷம் பேச்சு. நான்காவது முடிந்தால் சுளகைச் சுவரில் சாய்த்துவிடுவது. முடிவு கண்ணுக்குத் தெரிகிற வேலையில் சலிப்பு குறைவு. நடவு வயலில் பாத்தி பாத்தியாக ஏறுவதும் இதே வழிதானே?

மில்லில் இருப்பவரும் ஷிப்டைக் கூறு போடலாம். டீ வரை ஒன்று, சாப்பாடு வரை ஒன்று, மணி அடிக்கும் வரை ஒன்று. ஷிப்டு முடிய இன்னும் எத்தனை மணி நேரம் என்று எண்ணாதீர்கள். அடுத்த கூறு வரை மட்டும் எண்ணுங்கள்.

3. உடம்பை அசைத்து மாற்றுங்கள்.

சம்மணமிட்டுக் குனிந்தே இருந்தால் கழுத்தும் இடுப்பும் பிடித்துக்கொள்ளும். உடம்பு பிடித்துக்கொண்டால் மனசும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும். அரை மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது எழுந்து நில்லுங்கள். கையை மேலே தூக்கி நீட்டுங்கள். விரல்களை மடக்கி விரியுங்கள். வாசலுக்கு வந்து தூரத்து மரத்தையோ மலையையோ ஒரு நிமிஷம் பாருங்கள். கிட்டப் பார்த்தே இருந்த கண்ணுக்கு அது ஓய்வு. சுவரில் சாய்ந்து உட்காருங்கள். வெளிச்சமும் காற்றும் வருகிற இடத்தில் உட்காருங்கள். தூள் மூக்கில் ஏறுவதும் குறையும்.

நின்று நடந்து வேலை செய்பவருக்கு நேர்மாறு. இடைவேளையில் காலை நீட்டி உட்காருவதே அவருக்கு ஓய்வு.

4. காதுக்கு வேலை கொடுங்கள்.

கையும் கண்ணும் வேலையில் இருக்கும்போது காது சும்மா இருக்கிறது. இதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். நடவுப் பாட்டும் ஏற்றப் பாட்டும் இப்படி வந்தவைதான். ஏற்றம் இறைத்தவர் பாட்டிலேயே சாலை எண்ணினார். எண்ணிக்கையும் தவறவில்லை, சலிப்பும் தெரியவில்லை.

கடல் கடந்த ஓர் எடுத்துக்காட்டு கேளுங்கள். கியூபா நாட்டுச் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865-ஆம் ஆண்டு முதல் ஒரு வழக்கம் உண்டு. தொழிலாளர்கள் வரிசையாக அமர்ந்து சுருட்டுச் சுற்றுவார்கள். ஒருவர் உயரமான இடத்தில் அமர்ந்து நாளிதழும் கதைப் புத்தகமும் உரக்கப் படிப்பார். அந்தக் காலத்தில் அவருக்குச் சம்பளம் கொடுத்தது முதலாளி அல்ல. தொழிலாளர்களே தங்கள் கூலியிலிருந்து கொடுத்தார்கள். எழுத்துத் தெரியாதவர்களும் இப்படிக் கேட்டே நாட்டு நடப்பை அறிந்தார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? பக்கத்துக் கேரளத்தில், கண்ணூர் வட்டாரப் பீடித் தொழிலாளர்களிடமும் இந்த வழக்கம் இருந்தது. 1969-ல் அங்கே தினேஷ் பீடிக் கூட்டுறவுச் சங்கங்கள் தொடங்கப்பட்டன. அங்கும் ஒருவர் பத்திரிகை படிக்க, மற்றவர்கள் சுற்றிக்கொண்டே கேட்டார்கள். படித்தவருக்குக் கூலி குறையாதபடி, மற்றவர்கள் அவர் பங்கைச் சேர்த்துச் சுற்றிக் கொடுப்பார்கள். நம் தென்மாவட்டங்களிலும் 1970, 80-களில் இலங்கை வானொலியைக் கேட்டுக்கொண்டே வேலை செய்தவர்கள் ஏராளம்.

பாடத்தை உரக்கப் படிக்கச் சொன்னது ஏன் என்று இப்போது புரிகிறதா? வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் மாலையில் அரை மணி நேரம் பாடப் புத்தகத்தையே அம்மாவுக்கு உரக்கப் படிக்கட்டும். பிள்ளைக்குப் பாடம் பதியும். அம்மாவுக்குப் பொழுது போகும். ரேடியோ கேட்கலாம், போனில் கதையோ பாட்டோ வைக்கலாம். ஆனால் போன் காதுக்கு மட்டும். கண்ணும் திரைக்குப் போனால் கை நின்றுவிடும். வேலை இரவு வரை இழுக்கும்.

மில்லில் வேலை செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மெஷின் ஓடும் இடத்தில் போன் ஒயரைக் காதில் மாட்டாதீர்கள். பாட்டு சத்தத்தில் கூப்பிடுகிற குரல் கேட்காது. இரைச்சலுக்காகக் கொடுக்கும் காது அடைப்பானை மட்டும் போடுங்கள். பாட்டு மில் பஸ்ஸில் இருக்கட்டும்.

5. ஒருவர் வேலையை மற்றவர் செய்து பாருங்கள்.

வார விடுமுறையில் கணவர் அரை மணி நேரம் சுளகை வாங்கிப் பார்க்கட்டும். நாம் சொன்ன அந்த வீட்டில் இது நடந்ததாக வைத்துக்கொள்வோம். அரை மணி நேரத்தில் ஏழு பீடி. அதில் நான்கு அவிழ்ந்துவிட்டது. மனைவி சிரித்துவிட்டார்.

"இதை எப்படிம்மா நாள் முழுக்கச் செய்யுத? எனக்கு விரலே மரத்துப் போச்சு."

"உங்க மில்லுல மட்டும் என்னவாம்? மெஷின்தானே ஓடுது, நீங்க பார்த்துக்கிட்டுத்தானே நிக்கீங்க?"

"நிக்கவா? ஒரு ஷிப்டுல எத்தனை மைல் நடக்கேன்னு எனக்கே தெரியாது. இழை ஒட்டிட்டுத் திரும்பினா அங்க ரெண்டு அறுந்திருக்கும்."

அன்றைக்குத்தான் ஒருவர் வேலை மற்றவருக்குத் தெரிந்தது. கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆகியும் "நீ செய்யும் வேலை எப்படி இருக்கும்?" என்று கேட்காத தம்பதியர் பலர். இன்று இரவே கேளுங்கள்.

6. வீட்டு வேலையைப் பங்கு போடுங்கள்.

பெண்களுக்கு ஒரு சலிப்பு அல்ல, இரண்டு சலிப்பு. சுளகை வைத்துவிட்டு எழுந்தால் பாத்திரம் காத்திருக்கும். துலக்கிய பாத்திரம் இரவே அழுக்காகும். பிடித்த தண்ணீர் காலையில் தீரும். முடிவே இல்லாத வேலை அது. கூலியும் இல்லை, பாராட்டும் இல்லை. கணவர் தண்ணீர் பிடிப்பது, பிள்ளைகளைக் குளிப்பாட்டுவது, இலை கத்தரிப்பது என ஏதாவது இரண்டு வேலையைத் தன்னுடையதாக எடுத்துக்கொள்ளட்டும். 'உதவி' என்று சொல்லாமல் 'என் வேலை' என்று சொல்லட்டும். மனைவி கர்ப்பமாக இருந்தாலோ, கைக்குழந்தை இருந்தாலோ இது இன்னும் முக்கியம். கர்ப்பிணி புகையிலைத் தூளோடு நாள் முழுக்க உட்காருவது தாய்க்கும் சிசுவுக்கும் நல்லதல்ல. அந்த மாதங்களில் வேலையை எவ்வளவு குறைக்க முடியும் என்று இருவரும் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்.

7. பத்து நிமிஷம் பேசுங்கள்.

படுக்கப் போகும் முன் பத்து நிமிஷம். கடன் கணக்கு வேண்டாம். மாமியார் பேச்சு வேண்டாம். பிள்ளையின் மார்க்கு வேண்டாம். இன்று பார்த்தது, கேட்டது, சிரித்தது. சலித்த மனசு கணவன் மனைவி உறவையும் சலிக்க வைத்துவிடும். "வா, சாப்பிடு, தூங்கு" என்ற மூன்று வார்த்தையில் குடித்தனம் ஓடும். ஆனால் ருசி இருக்காது. முழு நைட் ஷிப்டு வாரத்தில் இரவுப் பேச்சு முடியாது. அந்த வாரம் காலைக் காபி வேளையில் பேசிக்கொள்ளுங்கள்.

செய்யக் கூடாதவை

சலிப்புக்கு மருந்து என்று சில பொருள்கள் நம் கைக்கு எளிதில் கிடைக்கின்றன. ஒரு 'கட்டிங்', ஒரு பீடி, வாய்க்குள் ஒதுக்கிய புகையிலை. போட்டவுடன் சலிப்பு மறைந்தது போல் இருக்கும். மறுநாள் வேலை அதே வேலை. கையில் காசு மட்டும் குறைவு. பிறகு அது இல்லாமல் வேலையில் உட்காரவே முடியாது. சலிப்புக்காகத் தொடங்கிய பழக்கம் சலிப்பு போன பிறகும் போகாது.

பிள்ளைகளைச் சுளகில் உட்கார வைக்காதீர்கள். "கூட ஒரு கை இருந்தா சீக்கிரம் முடியும், பேச்சுத் துணையும் ஆச்சு" என்று தோன்றும். ஆனால் புகையிலைத் தூளும் குனிந்த முதுகும் வளர்கிற உடம்புக்குக் கேடு. ஒரு நாள் லீவு இரண்டு நாள் ஆகும், பள்ளிக்கூடம் தூரமாகும். நம்முடைய சலிப்பை நம் மகளுக்குச் சொத்தாக எழுதி வைக்க வேண்டாம்.

சலிப்பில்தான் வேலையை விடுவதா என்று முடிவு எடுக்காதீர்கள். கோபத்தில் மில்லை விட்டு வருவது எளிது. முதலில் வீட்டில் பேசுங்கள். ஒரு மாதம் பொறுங்கள். வேறு வேலையை உறுதி செய்துகொண்டு விடுங்கள். வேலை மாறுவது தவறல்ல. முன்யோசனை இல்லாமல் மாறுவதுதான் தவறு.

நம் கையில் இல்லாததும் உண்டு

எல்லாச் சலிப்பையும் மனசை மாற்றியே போக்கிவிடலாம் என்று நாங்கள் சொல்லவில்லை. இடைவேளை இல்லாத வேலை, மூச்சு முட்டும் அறை, உட்கார நாற்காலி தராத கடை ஆகியவற்றை ஒரு தம்பதி மட்டும் மாற்ற முடியாது. ஆனால் கேட்கலாம். ஐந்து மணி நேரம் தொடர்ந்து வேலை செய்யும் முன் குறைந்தது அரை மணி நேர ஓய்வு என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. கடைகளில் நின்றே வேலை செய்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டம் திருத்தப்பட்டது. ஆகவே ஓய்வு கேட்பது பிச்சை கேட்பது அல்ல. "ஒரே சைடையே பார்க்காம மாத்தி மாத்திக் கொடுங்க" என்று மேஸ்திரியிடம் நாலு பேராகச் சேர்ந்து கேட்டுப் பாருங்கள். நாலு பேர் கேட்டால் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

எல்லாமே சலிப்பு என்று எண்ணி நோயை மறைத்துவிடவும் கூடாது.

மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறதா? கண் இமையின் உள்பக்கம் வெளுத்திருக்கிறதா? எப்போதும் அசதியா? ரத்தசோகையாக இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பரிசோதித்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்கும், கர்ப்பிணிகளுக்கு 11 கிராமுக்கும் குறையக் கூடாது.

வேலை மட்டும் அல்ல, திருவிழாவும் பிடிக்கவில்லை, குழந்தையைக் கொஞ்சவும் மனசு வரவில்லை, தூக்கமும் பசியும் கெட்டுவிட்டது, இப்படி இரண்டு வாரத்துக்கு மேல் போகிறதா? இது சலிப்பைத் தாண்டிய மனச்சோர்வு. இதற்குச் சிகிச்சை உண்டு, வெட்கம் வேண்டாம். கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லலாம். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். "வாழ்ந்து என்ன ஆகப் போகுது" என்ற நினைப்பு வந்துவிட்டால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றே பேசுங்கள். அந்த வார்த்தையைக் கேட்ட துணைவர் அவரைத் தனியே விட வேண்டாம்.

இருவரும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள்

1. என் வேலையில் எனக்கு அதிகம் சலிப்புத் தரும் நேரம் எது? உனக்கு எது?
2. போன வாரம் நாம் போட்ட சண்டை உண்மையில் எதனால் வந்தது?
3. வீட்டு வேலையில் எந்த இரண்டை இனிமேல் நீங்கள் எடுத்துக்கொள்ளப் போகிறீர்கள்?
4. வாரத்தில் எந்த நேரம் சுளகையும் வைத்து, போனையும் வைத்துவிட்டுச் சும்மா இருக்கப் போகிறோம்?

அந்த வீட்டில் இப்போதும் அவர் இழைதான் ஒட்டுகிறார். அவர் மனைவி பீடிதான் சுற்றுகிறார். வேலை மாறவில்லை. ஆனால் மில் பஸ் இறங்கியதும் கணவர் நேரே வீட்டுக்கு வருகிறார். மகள் திண்ணையில் உட்கார்ந்து சமூகவியல் பாடம் படிக்கிறாள், அம்மா கேட்கிறார். குழம்பில் உப்பு குறைந்தால், "இன்னைக்கு ரொம்பச் சலிச்சுட்டியோ?" என்று கணவர் கேட்கிறார். "ஆமாங்க" என்று உப்பு டப்பாவை எடுத்து நீட்டுகிறார் மனைவி.

உங்கள் வீட்டிலும் இதைச் செய்து பாருங்கள். படித்து முடித்ததும் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள்.